அண்ணனுக்கு கரண்டு வைக்கணுங்கிறாங்க, கையெழுத்து போடலாமா?

பாம்பன்தம்பி
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிக்கிறதோட சரி, எழுதுனதில்ல. இப்ப யார்ட்ட கேக்குறதுன்னு தெரியாம எழுதுறேன். எங்க அண்ணன் விசைப்படகுல டிரைவரா இருந்துச்சு, வயசு நாப்பத்தி சொச்சம். எல்லை தாண்டிட்டோம்னு இலங்கை நேவிக்காரங்க படகை புடிச்சுட்டாங்க, ஆளுகள விட்டாங்க, படகு இன்னும் அங்கதான் கெடக்கு. பாதி கடன்ல வாங்குன படகு. வந்த புதுசுல நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா பேச்சு குறைஞ்சுச்சு, விடியக்காலம் மூணு மணிக்கே முழிச்சு திண்ணையில உக்காந்துரும், தடைக்காலம் முடிஞ்சு எல்லாரும் கடலுக்கு போயாச்சு இது போகல. இப்ப என்னன்னா "என் குடல் அழுகிப்போச்சு சோறு உள்ள இறங்காது, நான் செஞ்ச பாவம்தான் வீட்டையே அழிச்சுச்சு"ன்னு அதையே திருப்பி திருப்பி சொல்லுது, தண்ணி குடிக்க வைக்கிறதே பெரும்பாடு. ஆள் பாதியாயிருச்சு. ரெண்டு விதமான மாத்திரை மாசக்கணக்குல குடுத்துப் பாத்தாச்சு. இப்ப மதுரையில பாக்குற டாக்டர் ஈசிடி வைக்கணும், அதான் தலையில கரண்டு குடுத்து பாக்குற வைத்தியம், தள்ளிப்போடாதீங்கன்னு சொல்றாரு. அம்மா "மண்டையில கரண்டு வச்சா புள்ள பைத்தியமாயிரும்"னு ஒரே அழுகை. மைனி என் மூஞ்சியப் பாக்குது. அனுபவப்பட்டவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

தொண்டி மச்சான்
தம்பி கையெழுத்து மட்டும் போட்றாத. எங்க மாமாவுக்கு வச்சாங்க, நான் சின்னப்பய அப்ப, ஜன்னல் வழியா பாத்தேன். நாலு பேரு கையக்கால அமுக்கிக்கிட்டு, வாயில துணிய திணிச்சு, ஆளு அப்படியே வில்லா வளைஞ்சு துடிச்சாரு. முழிப்போட இருந்த மனுசனுக்கு. முதுகெலும்புல அடிபட்டு சாகுறவரைக்கும் குனிய முடியல. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேணாம், அது இப்ப இல்லவும் இல்ல. டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க, துடிக்கிறது அவங்க அண்ணனில்லையே.

நர்ஸக்கா
தொண்டி தம்பி, நீ பாத்தது பொய்யில்ல. அதுக்கு பேரு நேரடி ஈசிடி, மயக்க மருந்து இல்லாம வைக்கிறது. அப்படி நெறைய ஊர்ல நடந்துச்சு, முதுகெலும்பு முறிஞ்சதும் உண்டு. ஆனா இப்ப அது சட்டப்படியே குத்தம். 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல தெளிவா இருக்கு, மயக்க மருந்தும் தசை தளர்த்துற மருந்தும் இல்லாம ஈசிடி வைக்கக்கூடாது. 2018 மே மாசத்துல இருந்து அமல்ல இருக்கு.

பாம்பன்தம்பி, நான் மனநல வார்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, இப்ப உச்சிப்புளியில இருக்கேன். என்ன நடக்கும்னு அப்படியே சொல்றேன், அம்மாவுக்கு படிச்சுக் காட்டு.

முந்தின நாள் ராத்திரிக்கு மேல சாப்பாடு கெடையாது. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூடாது, நல்லா அலசி காய வச்சுட்டு வரணும், எண்ணெய் இருந்தா கரண்டு சரியா ஏறாது. பல்செட்டு இருந்தா கழட்டணும், ஆடுற பல்லு இருந்தா முன்னாடியே சொல்லிடணும். உடம்புல உலோகம் ஒண்ணும் இருக்கக்கூடாது, அரைஞாண், மோதிரம், தாயத்து எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க. தாயத்துக்குத்தான் வார்டு வாசல்ல பெரிய சண்டையே நடக்கும், அம்மாட்ட முன்கூட்டியே பேசி வச்சுக்க, கழட்டி அவங்க கையிலயே குடுத்துருவாங்க.

உள்ள போனதும் கையில ஊசி, ஒரு நிமிசத்துக்குள்ள அண்ணன் தூங்கிரும். மயக்க டாக்டர் ஆக்சிஜன் குடுத்துக்கிட்டே நிப்பாரு. அடுத்த ஊசி தசை தளர. அது போடறதுக்கு முன்னாடி ஒரு கால்ல கணுக்காலுக்கு மேல பீபி பாக்குற பட்டைய இறுக்கிக் கட்டிருவாங்க, அந்த பாதத்துக்கு மட்டும் மருந்து போகாது. ஏன்னா உடம்பு முழுக்க தளர்ந்து கெடக்கும், மூளையில வலிப்பு வந்துச்சா இல்லையான்னு அந்த ஒரு பாதம் துடிக்கிறத வச்சுதான் கண்ணால பாக்க முடியும். கரண்டு போறது சில செகண்டு. வலிப்பு அரை நிமிசத்துல இருந்து ஒரு நிமிசம். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல முழிச்சுரும், "நான் எங்க இருக்கேன்"னு கேக்கும், தலைவலி இருக்கும், கையக்கால் அசதி இருக்கும். மறுபடி மறுபடி "இது ஆஸ்பத்திரி, நான் உன் தம்பி"ன்னு சொல்லிக்கிட்டே இரு.

வாரத்துக்கு ரெண்டு இல்ல மூணு தடவ, மொத்தம் 6ல இருந்து 12 வரைக்கும் ஆகும். முதல் ஒண்ணு ரெண்டுல ஒண்ணும் தெரியலேன்னு கூட்டிட்டு ஓடிராதீங்க.

நீ சொன்ன "குடல் அழுகிப்போச்சு"ங்கிற பேச்சு, சாப்பிடாம இருக்கிறது, அந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் இது நல்லா கேக்கும். சும்மா மனசு சரியில்லங்கிறவங்களுக்கு யாரும் வைக்க மாட்டாங்க. இன்னொண்ணு, தண்ணியே இறங்காம இருக்கிறவன வீட்ல வச்சுக்கிட்டு யோசிக்கிறதுதான் இப்ப ஆபத்து. சாகணும்னு ஏதாச்சும் சொல்லுச்சா? சொல்லுச்சுன்னா தனியா விடாத, ராத்திரி யாராவது கூட படுங்க. 14416, டெலிமானஸ்ங்கிற கவர்மென்ட்டு மனநல உதவி நம்பர், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

சாயல்குடி வாத்தியார்
நர்ஸம்மா சொன்னது அத்தனையும் சரி. வரலாறும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா பயம் குறையும்னு எழுதுறேன், வேணாம்னா தாண்டிப் போங்க. 1934ல புடாபெஸ்ட்ல மெடுனான்னு ஒரு டாக்டர் கற்பூர எண்ணெய் ஊசி போட்டு வலிப்பு வர வச்சு வைத்தியம் பாத்தாரு. ஆமா, நாம கோயில்ல ஏத்துற கற்பூரந்தான். வலிப்பு வந்தா சில மனநோய் தெளியுதுன்னு அவரோட கணக்கு. ஆனா ஊசி போட்டா எப்ப வலிப்பு வரும்னு சொல்ல முடியாது, காத்திருக்கிற அந்த நேரத்துல நோயாளி படுற பீதி இருக்கே. அப்புறம் 1938ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் மருந்துக்குப் பதிலா கரண்ட வச்சாங்க. ஆக வைத்தியம் பண்றது கரண்டு இல்லீங்க, வலிப்பு. கரண்டு அதை வர வைக்கிறதுக்கு ஒரு வழி. 1950கள்ல தசை தளர்த்துற மருந்து வந்தப்புறம் எலும்பு முறியறது நின்னு போச்சு. நம்ம ஊர்ப்பக்கம் அது வந்து சேர எத்தன காலமாச்சுங்கிறதுதான் தொண்டிக்காரர் மாமா கதை.

நம்ம சினிமாக்காரங்கள சொல்லணும், வில்லன் ஆளு யாரையாச்சும் பைத்தியமாக்கணும்னா உடனே தலையில ஒயர மாட்டிருவாங்க. அம்மா அழுறது அத பாத்துட்டுதான்.

தொண்டி மச்சான்
வாத்தியாரே எங்க மாமா கதைய சினிமாவோட சேக்காதீங்க.

சாயல்குடி வாத்தியார்
சேக்கல தம்பி. உங்க மாமாவுக்கு நடந்தது அநியாயம். அதனாலதான் சட்டமே வந்துச்சுன்னு சொல்றேன்.

ஒத்தக்கேள்வி
எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதுறீங்க, ஒரு எதிர்க்குரலும் வேணும்ல. மயக்கம் மட்டும் குடுத்து கரண்டு வைக்காம ஒரு கூட்டம், நெஜமாவே வச்சு ஒரு கூட்டம்னு ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சி எல்லாமே 1985க்கு முன்னாடி நடந்தது, அதுவும் சின்னச்சின்ன ஆராய்ச்சி. அதுக்கப்புறம் அப்படி யாரும் செய்யல. இத வச்சு பிரிட்டன்ல ஒரு கூட்டம் ஆராய்ச்சியாளருங்க இதை நிறுத்தணும்னே சொல்றாங்க. அதே பிரிட்டன்ல 2003ல நோயாளிங்கள்ட்ட கேட்டு எழுதுன ஆய்வுகள தொகுத்துப் பாத்தப்ப குறைஞ்சது மூணுல ஒருத்தர் ஞாபகம் நிரந்தரமா போச்சுன்னு சொல்லிருக்காங்க. இதை டாக்டர் உங்கள்ட்ட சொன்னாரா பாம்பன்தம்பி?

நர்ஸக்கா
நியாயமான கேள்விதான். ஆனா அதே 2003ல லான்செட்டுங்கிற மருத்துவ பத்திரிகையில வந்த பெரிய தொகுப்பு, அந்த பழைய ஆராய்ச்சிகளையும் சேத்துப் பாத்துட்டுதான், கரண்டு வச்சவங்களுக்கு வைக்காதவங்கள விட நல்லா கேட்டுச்சு, மாத்திரைய விடவும் நல்லா கேட்டுச்சுன்னு முடிவு சொன்னாங்க. இப்ப ஏன் அப்படி ஒப்பிட்டுப் பாக்கலேன்னா, சோறு தண்ணி இறங்காம கெடக்குறவனுக்கு சும்மா மயக்கம் மட்டும் குடுத்து வேடிக்கை பாக்க எந்த டாக்டருக்கு மனசு வரும். ஞாபக விசயத்துல உன் பேச்ச மறுக்க மாட்டேன். அத அனுபவிச்சவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.

மண்டபத்துக்காரி
அனுபவிச்சவ நான்தான். ரெண்டாவது புள்ள பொறந்தப்புறம் எனக்கு வந்துச்சு. புள்ளைய தூக்கக்கூட மாட்டேன், சுவத்தப் பாத்து படுத்திருப்பேன், என்னமோ இந்தப் புள்ள என்னோடது இல்ல மாத்திட்டாங்கன்னு நினைப்பு. மந்திரிச்சாங்க, ஜெபம் பண்ணாங்க, மிளகாய சுத்திப் போட்டாங்க, அப்புறம் ஈசிடி. நாலாவதோ அஞ்சாவதோ வச்ச பிறகு ஒரு நாள் காலையில எந்திரிச்சு பசிக்குதுன்னு கேட்டேனாம். எங்க வீட்டுக்காரரு இப்ப வரைக்கும் அதச் சொல்லுவாரு. எனக்கு அது ஞாபகம் இல்ல.

அதுதான் விசயம். அந்த ஆஸ்பத்திரி நாள்ல நடந்தது அடியோட இல்ல, அது போனா போகுது. ஆனா அதுக்கு முன்னாடி சில மாசம், அங்கங்க ஓட்டை. என் தங்கச்சி கல்யாணத்துக்கு நான் போயிருக்கேன், போட்டோல பட்டுச்சேலை கட்டி சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன், எனக்கு அந்த கல்யாணமே தெரியாது. மத்தவங்க சொல்லி சொல்லி இப்ப தெரிஞ்ச மாதிரி பேசுறேன். புதுசா ஒண்ண படிச்சா நிக்காம இருந்தது ஒரு ரெண்டு மூணு மாசத்துல சரியாயிருச்சு, கணக்கு வழக்கெல்லாம் இப்ப நான்தான் பாக்குறேன், பாசி எடுக்குற பொம்பளைங்க சங்கத்துல வரவு செலவு என் கையிலதான். மறந்து போன அந்த கல்யாணம் மட்டும் திரும்ப ஞாபகத்துக்கு வரல.

டாக்டரு இத முன்னாடியே சொல்லிருக்கணும், எனக்கு சொல்லல, வீட்டுக்காரர்ட்ட ஏதோ மறதி வரும்னு மட்டும் சொன்னாங்களாம். அந்தக் கோவம் எனக்கு இன்னும் இருக்கு. அதுக்காக வேணாம்னு சொல்லுவேனான்னா சொல்ல மாட்டேன். திரும்ப அப்படி ஆச்சுன்னா திரும்ப வைங்கன்னு எழுதியே குடுத்து வச்சிருக்கேன், அப்படி எழுதி வைக்க சட்டத்துல இடம் இருக்கு. ஆனா தலையில ஒரு பக்கமா மட்டும் வைங்கன்னு அதுலயே எழுதிருக்கேன். வலது பக்கம் மட்டும் வச்சா மறதி கம்மி. ரெண்டு பக்கமும் வச்சா வேகமா கேக்கும் ஆனா மறதி ஜாஸ்தி. அண்ணனுக்கு எப்படி வைக்கப் போறாங்கன்னு கேளு தம்பி, கேட்டா சொல்லித்தான் ஆகணும்.

ஒத்தக்கேள்வி
அக்கா இதுக்கு மேல நான் என்ன சொல்ல. இத மாதிரி யாராவது வெளிப்படையா சொன்னா எனக்கு சண்டையே இல்ல.

பாம்பன்தம்பி
எல்லாருக்கும் நன்றி. அக்கா உங்க பதிவ மைனிக்கு படிச்சுக் காட்டுனேன். ஒரு சந்தேகம், பெரியப்பா வீட்ல இருந்து வந்து, இதெல்லாம் வேணாம் ஏர்வாடி தர்ஹாவுல கொண்டுபோய் ஒரு மண்டலம் தங்க வைப்போம், செய்வினையா இருக்கும்னு சொல்றாங்க. நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்க, இருந்தாலும் எங்க பக்கம் எல்லாரும் அங்க போறதுண்டு. ஏற்கெனவே ஒரு தடவ போயிட்டும் வந்தோம்.

கீழக்கரை காக்கா
தம்பி நான் பக்கத்து ஊரு. தர்ஹாவுக்கு வர்றதுக்கு யாரும் தடை சொல்லல, நானே வெள்ளிக்கிழமை ராத்திரி போறவன். ஆனா ஏர்வாடின்னாலே எங்களுக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வரும். கீத்துக்கொட்டகையில சங்கிலி போட்டு கட்டிப் போட்டிருந்தாங்க, விடியக்காலம் தீ புடிச்சு 28 பேரு போய்ச் சேந்தாங்க, சங்கிலியோட ஓட முடியாம. அது தர்ஹா நடத்துன இடமில்ல, தனியாளுங்க காசு வாங்கிக்கிட்டு நடத்துன விடுதி. அதுக்கப்புறம் கவர்மென்ட்டு அத்தனையும் மூடுச்சு. சுப்ரீம் கோர்ட்டே தானா வழக்கு எடுத்துச்சு.

இப்ப தர்ஹாவுக்கு வர்றவங்களுக்கு அங்கயே மனநல டாக்டர் பாத்து மாத்திரை குடுக்கிற ஏற்பாடு இருக்கு, துவாவும் மருந்தும் சேத்து. பெரியப்பாட்ட சண்டை போடாம இதச் சொல்லுங்க. துவா கேட்டுட்டு மதுரைக்கு பஸ் ஏறலாம், எங்க வீட்டு லாத்தா ஒருத்தவங்க அப்படித்தான் செஞ்சாங்க. ஆனா தண்ணி குடிக்காத ஆளை அங்க கொண்டுவந்து மண்டலக் கணக்குல தங்க வைக்கிறது வேணவே வேணாம்.

நெறியாளர்
காந்த சிகிச்சை மையம்னு விளம்பரம் போட்ட ரெண்டு பதிவ தூக்கியாச்சு. போன் நம்பர் போட்டு ஆள் புடிக்கிற வேலைய வேற எங்கயாவது வச்சுக்கங்க.

பாம்பன்தம்பி
ஒரு தகவல் சொல்லணும். நேத்து டாக்டர்ட்ட எல்லாத்தையும் கேட்டேன், எழுதி வச்சுட்டு போனதால ஒண்ணும் விடல. மயக்க டாக்டர் தனியா இருப்பாரு, ரத்தம், ஈசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் எடுத்துட்டுதான் ஆரம்பிப்பாங்களாம். முதல்ல வலது பக்கம் மட்டும் வச்சுப் பாக்குறோம், கேக்கலேன்னா ரெண்டு பக்கமும்னு சொன்னாரு. அண்ணன் ராத்திரி போடுற தூக்க மாத்திரைய குறைச்சாரு, அது இருந்தா வலிப்பு சரியா வராதாம். கையெழுத்து நான் போடவான்னு கேட்டதுக்கு, மொதல்ல உங்க அண்ணன்ட்ட கேப்போம்னாரு. அரை மணி நேரம் உக்காந்து மெதுவா பேசுனாரு. அண்ணன் "எதுவும் பிரயோசனமில்ல, இருந்தாலும் அம்மா அழுகுது, போடுறேன்"னு போட்டுச்சு. எனக்குத்தான் அங்க நிக்க முடியல.

தொண்டி மச்சான்
அவரே போட்டாரா. சரிப்பா. எங்க மாமாட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நல்லபடியா நடக்கட்டும், மதுரையில தங்க இடம் வேணும்னா தனிச்செய்தி போடு, மச்சினன் வீடு ஆரப்பாளையம் பக்கந்தான்.

பாம்பன்தம்பி
ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். மூணாவது வரைக்கும் ஒண்ணுமே தெரியல, அம்மா என்னைய திட்டாத திட்டு இல்ல. அப்புறம் ஒரு நாள் அண்ணன் டீ கேட்டுச்சு. ஒரு வாரம் போகவும் "குடல் அழுகிப்போச்சு"ங்கிற பேச்சே இல்ல, கேட்டா "அப்படியா சொன்னேன்"ங்குது. நேத்து மைனி வச்ச நகரை மீன் குழம்புல உப்பு கம்மின்னு சண்டை. மைனி சிரிக்குது அழுகுது. மறதி இருக்கு, பக்கத்து வீட்டுல புது மாடி கட்டுனது தெரியல, யாரு கட்டுனான்னு தினமும் கேக்குது. இன்னும் ரெண்டு வச்சுட்டு நிறுத்துவோம்னு சொல்லிருக்காங்க. அதுக்கப்புறம் மாத்திரை வேணாம்ல? நல்லாத்தானே ஆயிருச்சு, அண்ணனும் அடுத்த மாசம் கடலுக்கு போறேங்குது.

நர்ஸக்கா
தம்பி இங்கதான் நம்ம கடக்கரை சனம் எல்லாம் கோட்டை விடுறது. நல்லா கேளு. ஈசிடிங்கிறது என்ஜினை ஸ்டார்ட் பண்ணி விடறதோட சரி, ஓடுறதுக்கு டீசல் நீதான் ஊத்தணும், அதான் மாத்திரை. அமெரிக்காவுல 2001ல பாத்தாங்க, ஈசிடியில குணமானவங்கள்ல மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்க 100க்கு 84 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள திரும்ப வந்துருச்சு. நார்ட்ரிப்டிலின்ங்கிற மனச்சோர்வு மாத்திரையோட லித்தியம்ங்கிற மாத்திரையும் சேத்து சாப்பிட்டவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்துச்சு. 39ங்கிறதும் கம்மியில்ல, அதனாலதான் சிலருக்கு மாசத்துக்கு ஒண்ணுன்னு ஈசிடியவே கொஞ்ச காலம் தொடருவாங்க. வார்டுல நான் பாத்த கதையே இதுதான், முகம் தெளிஞ்சு வீட்டுக்கு போவான், ஒரு மாசம் மாத்திரை போடுவான், மீன்பாடு நல்லா இருக்கும், மாத்திரை தீந்துரும், வாங்க மாட்டான், அடுத்த தடைக்காலத்துல திரும்ப அதே கட்டில்ல கெடப்பான். வீட்ல "கரண்டு வச்சும் கேக்கல"ம்பாங்க. கேக்காம என்ன, கேட்டுச்சு, நீங்க விட்டீங்க.

பாம்பன்தம்பி
அக்கா லித்தியம்தான் எழுதிருக்காரு, வேற ஒரு மாத்திரையோட.

நர்ஸக்கா
அப்ப ரொம்ப கவனம், கடலுக்கு போறவங்களுக்கு இத டாக்டர்மாரு விளக்கமா சொல்றதில்ல, அவங்களுக்கு படகுல பகல் பூரா எப்படி இருக்கும்னு தெரியாது. லித்தியம் ஒரு உப்பு. வெயில்ல வேர்த்து உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிரும். வயித்துப்போக்கு வாந்தி வந்தாலும் அப்படித்தான். கை நடுக்கம் ஜாஸ்தியாகி, வாந்தி வந்து, நடை தள்ளாடுனா அது தண்ணி போட்ட தள்ளாட்டம்னு நினைச்சு படுக்க வச்சுராதீங்க, மாத்திரைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல கேட்டு புரூஃபென், டைக்ளோஃபினாக் போடக்கூடாது, அதுவும் அளவ ஏத்தும். கேன் தண்ணி எப்பவும் கொண்டு போற மாதிரி ரெண்டு மடங்கு. குழம்புல உப்ப திடீர்னு குறைக்கிற வேலையும் வேணாம், பீபிக்காக யாராவது சொன்னாலும் டாக்டர கேக்காம செய்யாதீங்க. ரத்தத்துல அளவு பாக்குற டெஸ்ட் சொல்ற தேதியில எடுத்துரணும், கூடவே கிட்னியும் தைராய்டும் பாப்பாங்க.

மாவட்ட மனநலத் திட்டத்துல ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியிலயே மாத்திரை குடுப்பாங்க, மதுரை சீட்ட கொண்டுபோய் காட்டு. மாசாமாசம் மதுரைக்கு மூணு மணி நேரம் பஸ்ல போகணும்னா ரெண்டாவது மாசமே சலிச்சுரும், அதான் சொல்றேன்.

கடலுக்கு, ஈசிடி முடிஞ்ச கையோட போகக்கூடாது. டிரைவர் வேலை வேற. மறதியும் தடுமாத்தமும் நல்லா தெளிஞ்சு டாக்டர் சரின்னு சொன்னப்புறம், அதுவும் மொதல்ல டிரைவரா இல்லாம கூட ஒரு ஆளா போகட்டும், சொந்தக்காரங்க யாராச்சும் இருக்கிற படகுல.

மண்டபத்துக்காரி
தம்பி படகு விசயம் என்னாச்சு? கடன்காரன் வந்து நின்னா எந்த மாத்திரையும் கேக்காது பாத்துக்க. சங்கத்துல எழுதிக் குடுத்தீங்களா, நிவாரணத்துக்கு?

பாம்பன்தம்பி
சங்கத்துல குடுத்திருக்கு அக்கா, மனு போயிருக்குங்கிறாங்க. வட்டிக்காரர்ட்ட பெரியப்பாதான் பேசி தை மாசம் வரைக்கும் கேட்டிருக்காரு. மாத்திரை டப்பாவ மைனி அலமாரியில வச்சு பூட்டி அதுவே எடுத்துக் குடுக்குது. ராமநாதபுரத்துல மனநல டாக்டர் என்னிக்கு என்னிக்கு பாப்பாருன்னு யாருக்காச்சும் தெரியுமா?

கீழக்கரை காக்கா
நாளைக்கு நான் அந்தப் பக்கம்தான் போறேன், ஓபியில கேட்டுட்டு வந்து போடுறேன்.